கழற்றிக் கொடுத்த முன் சக்கரம்

பட்டாசு வெடித்தது ஊர்க்காரர்கள். பிறகு எங்கள் மேல் கோபப்பட்டதும் அவர்கள்தான். அந்தக் கோபமெல்லாம் ஆறிவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். திருநெல்வேலிக்கு அடுத்த பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு வெட்டுகிற வேலை. பேட்டைக்கு மேற்கே, சேரன்மகாதேவி போகிற சாலையில் எங்கள் ஊர். எனக்கு ஒரே மகள். அவள் சைக்கிள் ஓட்டுகிறவள். பொழுதுபோக்குக்கு இல்லை, நாட்டுக்காக.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சும்மா கொடுக்கிற சைக்கிளில்தான் ஆரம்பித்தாள். மாவட்டம், மாநிலம் என்று போய், விளையாட்டு விடுதிக்குப் போனாள். அங்கிருந்து வடக்கே பயிற்சி முகாமுக்குப் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாக இருப்பாள். கையுறை போட்டு வெயிலில் ஓட்டுவதால் அப்படி. அவள் அம்மாவுக்கு அது பெரிய கவலை.

இந்த வருஷம் ஆனி மாதத்தில் வெளிநாட்டில் பெரிய போட்டி. பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பெண்களுக்கான சாலை சைக்கிள் போட்டியில் எங்கள் மகள் ஓட்டப்போகிறாள் என்று பேப்பரில் வந்தது. பேப்பரில் வந்த பிறகுதான் ஊருக்கு அவள் யார் என்று தெரிந்தது.

ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர் என் மச்சான். என் மனைவிக்குப் பெரியப்பா மகன். அவர்தான் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்தார். 'எங்கள் ஊர் தங்க மங்கையே' என்று எழுதியிருந்தது. போட்டி இன்னும் நடக்கவில்லை. அதற்குள் தங்கம். படத்தில் மகள் ஓரமாக நின்றாள். கமிட்டிக்காரர்கள் கும்பிட்டபடி வரிசையாக நின்றார்கள். மச்சான் படம்தான் எல்லாவற்றிலும் பெரிது.

"ஆடிக் கொடையில மேடை போட்டுப் பொன்னாடை போத்துதோம் மாப்ள. ஊரே பாக்கணும்," என்றார்.

எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. மனைவிக்கு வேண்டியிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

இங்கே காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு மீதி புரியாது.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேல்காற்று அடிக்கும். மலையில் சாரல் விழும். காற்று மட்டும் இங்கே வரும். வாழையைச் சாய்க்கும். கூரை ஓட்டைத் தூக்கும். காலையில் பேட்டைக்கு வேலைக்குப் போகும்போது அது முதுகில் தள்ளும். மிதிக்கவே வேண்டாம். சாயங்காலம் திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது.

இப்போது எல்லோரிடமும் பைக் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து பட்டறைகளுக்குப் போனவர்கள் எல்லோரும் சைக்கிள்தான். காற்று மாதத்தில் தனியாக யாரும் வீடு திரும்ப மாட்டோம். பேட்டை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே எல்லோரும் சேர்ந்த பிறகுதான் கிளம்புவோம். ஒருவர் பின்னால் ஒருவர். முன் சைக்கிளின் மட்கார்டை ஒட்டிப் பின் சைக்கிளின் சக்கரம் வரும். முன்னால் போகிறவன் காற்றைத் தாங்குவான். பின்னால் வருகிறவர்கள் அவன் முதுகுக்குள் ஒடுங்கிக்கொள்வார்கள். பின்னால் இருப்பவனுக்குப் பாதி பாரம்தான். வாய்க்கால் பாலம் வரை ஒருவன், செங்கல் சூளை வரை ஒருவன் என்று மாறிக்கொள்வோம். நான் கொஞ்சம் கட்டுமஸ்தாக இருந்தேன். கடைசித் துண்டு வெட்டவெளி. அது எப்போதும் எனக்கு.

மச்சானும் அந்த வரிசையில் வந்தவர். அவருக்கு இளைப்பு உண்டு. ஒரு நாளும் முன்னால் வந்ததில்லை. யாரும் அவரைக் கேட்டதுமில்லை. எனக்கு அடுத்தபடியாக வருவார். பின்னாலிருந்து, "பைய போ மாப்ள, பைய போ," என்று சொல்லிக்கொண்டே வருவார். ஊர் எல்லை வந்ததும் என்னைத் தாண்டி மணி அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். பார்க்கிறவர்களுக்கு அவர்தான் முதலில் வந்தவர்.

மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சாயங்காலம் சாலையில் நின்று இந்த வரிசை வருவதைப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

போட்டி அன்றைக்கு கோவில் முன்னால் கொட்டகையில் டிவி வைத்தார்கள். போனிலிருந்து எடுத்து டிவியில் விட்டார்கள். எதிரே நாற்காலி. கொடைக்கு வாங்கி வைத்திருந்த சரவெடியில் கொஞ்சத்தை மச்சான் கொண்டுவந்து வைத்தார். மேளக்காரர்கள் கூட வந்திருந்தார்கள்.

ஒரே சாலையைச் சுற்றிச் சுற்றி வருகிற போட்டி. ஒரு சுற்று பேட்டையிலிருந்து சேரன்மகாதேவி தூரம் இருக்கும். எல்லாப் பெண்களும் கும்பலாக வந்தார்கள். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. யார் யாரென்று தெரியவில்லை. எனக்கு அவள் தோளை வைத்துத் தெரிந்தது. வெகுநேரம் கும்பலுக்கு முன்னால் அவள்தான் இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவள் அணிப் பெண் ஒருத்தி. வடக்கே எங்கேயோ உள்ள பிள்ளை. அவள் ஜெயிக்கத்தான் அணியில் மற்ற எல்லோரும் ஓட்ட வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தாராம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் பார்த்ததுமே என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டது. காற்றைத் தாங்குகிறாள்.

கோடு போட்ட இடம் வந்தது. இரண்டு பக்கமும் தட்டி, கூட்டம், கொடி. எங்கள் மகள் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினாள். யாரோ மணி அடித்தார்கள்.

கொட்டகை எழுந்துவிட்டது.

"அடிச்சிட்டாளே! நம்ம பிள்ள அடிச்சிட்டாளே!"

சரவெடி வெடித்தது. மேளம் அடித்தார்கள். என் மனைவியைப் பெண்கள் சுற்றி நின்று குலவை போட்டார்கள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தார். "மாப்ள, யார் மருமவ? என் மருமவ வே!"

நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தாண்டிய யாரும் நிற்கவில்லை. மகளும் நிற்கவில்லை. குனிந்து மிதித்துக்கொண்டே போனாள்.

"இன்னும் முடியல," என்றேன்.

"என்னது?"

"இன்னும் ஒரு சுத்து இருக்கு. அதுக்குத்தான் மணி."

வெடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். "சித்தப்பாவுக்குச் சந்தோசத்துல புத்தி கலங்கிட்டு." எல்லோரும் மேளத்தோடு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள், பிளக்ஸுக்கு மாலை போட. கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன.

கடைசிச் சுற்றில் ஒரு மேடு. அங்கே வடக்கத்திப் பெண்ணுக்குப் பஞ்சர். கையைத் தூக்கினாள். பழுது பார்க்கிற கார் எங்கேயோ பின்னால் மாட்டிக்கொண்டது. எங்கள் மகள் ஓரமாக நிறுத்தினாள். யோசிக்கவில்லை. குனிந்து தன் முன் சக்கரத்தைக் கழற்றினாள், கொடுத்தாள், அந்தப் பெண்ணை இடுப்பில் கை வைத்துத் தள்ளிவிட்டாள். பிறகு முன் சக்கரம் இல்லாத சைக்கிளை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையை உயர்த்திக்கொண்டு சாலையோரம் நின்றாள். கார் வரட்டும் என்று.

கொஞ்ச நேரம்தான் காட்டினார்கள். கேமரா முன்னால் போய்விட்டது.

வடக்கத்திப் பெண் மூன்றாவதாக வந்தாள். வெண்கலம். எங்கள் மகள் எப்போது வந்தாள் என்று டிவி காட்டவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும். கார் வந்து வேறு சக்கரம் மாட்டி, தனியாக மீதி முழுவதும் ஓட்டியிருக்கிறாள். கோட்டுக்கு வந்தபோது தட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். முடிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இடமே கிடையாது. கடைசி இடம் கூட இல்லை.

பஸ் நிறுத்தத்தில் மாலை போட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு விஷயம் தெரிந்தது. மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டார்கள். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கருகிய வெடித்தாள் கோவில் வாசலெல்லாம் கிடந்தது. அதைப் பெருக்கியவள் என் மனைவி.

மறுநாள் பேப்பரில், 'நெல்லை வீராங்கனை பாதியில் விலகல்' என்று போட்டிருந்தார்கள். முழுத் தூரத்தையும் ஓட்டியவளுக்கு அந்த வார்த்தை. டீக்கடையில் அதை ஒருவன் சத்தமாக வாசித்தான். இன்னொருவன் சொன்னான்:

"பொங்கலுக்கு நம்மூர்ல ஸ்லோ சைக்கிள் வைப்போம்லா, கடைசியா வாரவனுக்குத்தான பரிசு. பிள்ள அதுன்னு நெனச்சிருக்கும்."

கடையே சிரித்தது. நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் என் முதுகுக்குப் பின்னால் வீடு வந்து சேர்ந்தவர்கள்.

அவர்களுக்குத் தெரியாது என்றால் மன்னிக்கலாம். படித்தவனுக்குத் தெரியாது, பேப்பர்காரனுக்குத் தெரியாது, சரி. இவர்களுக்குத் தெரியும். முன்னால் போகிறவனுக்கு நெஞ்சு எப்படி எரியும் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். வெடித்த வெடி வீணாகிவிட்டது, பக்கத்து ஊர்க்காரன் சிரித்தான், அதுதான் அவர்கள் கோபம். அவசரப்பட்டது அவர்கள், ஏமாற்றியவள் அவளாம்.

மகள் வந்தாள். நெல்லை வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். நான் போயிருந்தேன். சைக்கிளைப் பிரித்துப் பெரிய பையில் வைத்திருந்தாள். என்னைத் தூக்கவிடவில்லை. ஆட்டோவில் வரும்போது எங்கள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். பிளக்ஸ் இருந்த இடத்தில் இரண்டு கம்பு மட்டும் நின்றது.

வீட்டில் அவள் அம்மா சோறு போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, சக்கரத்த ஏன் கழத்திக் குடுத்த? நீ பாட்டுக்குப் போயிருந்தா நீயாவது வந்திருப்பியே."

"நான் ஜெயிக்கதுக்கு என்னைய அனுப்பலம்மா."

"பின்ன எதுக்கு அனுப்புனாவ?"

அவள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். அன்றைக்கே சொன்னாள், இனி ஓட்டப்போவதில்லை என்று. முகாமுக்கு ஆடி முடிவதற்குள் போக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"போவட்டும்," என்றாள். "அங்கன போனாலும் முன்னால போகத்தான் சொல்லுவாங்க. இங்கன வந்தா விலகிட்டான்னு சொல்லுதாங்க."

சைக்கிள் பையிலேயே கதவுக்குப் பின்னால் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. டிவி பார்த்தாள், தூங்கினாள். வெளியே போகவில்லை.

எனக்குப் பேச வராது. ஆனாலும் ஒருநாள், வாசலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"நீ ரோட்டோரம் கையத் தூக்கிட்டு நின்னேல்லா. பாத்தேன்."

திரும்பினாள். "காட்டுனாங்களா?"

"கொஞ்ச நேரம்."

"எல்லாரும் பாத்தாங்களாப்பா?"

"எல்லாரும் மாலை போடப் போயிட்டாங்க. நான் பாத்தேன்."

"அந்த மேட்டுல பயங்கரக் காத்துப்பா," என்றாள்.

கொடைக்கு முன் கமிட்டிக் கூட்டம் போட்டார்கள். நான் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வருகிற ஆள். மேடையில் யாருக்குப் பொன்னாடை என்ற பேச்சு வந்தது. சீரியல் லைட்டுக்கு ஏற்பாடு செய்த டவுன் கடைக்காரருக்கு என்று மச்சான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்து மச்சானே பேச்சை எடுத்தார்.

"மாப்ள, நீரு வருத்தப்படக் கூடாது. ஜெயிச்சு வந்தா நானே போத்தியிருப்பேன். இடமே இல்லாம வந்தவளுக்குப் போத்துனா நாளைக்கு அடுத்த ஊர்க்காரன் என்ன பேசுவான்?"

எழுந்தேன். நான் எழுந்ததே சிலருக்கு ஆச்சரியம்.

"மச்சான், காத்து மாசத்துல நம்ம பேட்டைலருந்து வருவோமே. நீரு வரிசைல எங்கன வருவீரு?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லும்."

"உமக்குப் பின்னால வருவேன். அதுக்கென்ன?"

"ஒரு நாளாவது முன்னால வந்தீரா?"

"எனக்கு இளைப்புலா வே."

"நான் கேட்டேனா? அன்னைக்கு யாராவது கேட்டோமா?"

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"முன்னால போறவன் காத்தத் தாங்குனாத்தான பின்னால வாரவன் வீடு போய்ச் சேருவான்? அதான் உம்ம மருமவ செஞ்சது. அன்னைக்கு என் மருமவன்னு கத்துனீரே."

"அது வேற, இது வேற வே," என்றார் கடைசியில். "அது வேலைக்குப் போயிட்டு வாரது. இது போட்டி. மெடல் இல்லன்னா இல்லதான்."

எல்லோரும் அதற்கும் தலையாட்டினார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நடந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. கூட்டம் முடிவதற்குள் யாரோ என் மனைவியிடம் சொல்லிவிட்டார்கள். அவள் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை தூறல். காற்று பலம். வேலைக்குக் கிளம்பியவன் மச்சான் வீட்டைத் தாண்டும்போது பார்த்தேன். ஆட்டுக் கொட்டிலின் மேற்குப் பக்கம், காற்றுக்கு மறைப்பாக, அந்தப் பிளக்ஸைக் கட்டியிருந்தார். என் மகள் முகம் படுக்கைவசமாக இருந்தது. கன்னத்தில் சகதி தெறித்திருந்தது. 'தங்க' மட்டும் தெரிந்தது, மீதி மடிப்புக்குள். கமிட்டிக்காரர்கள் பாதிப்பேர் படுத்தபடியே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் படம் மட்டும் இல்லை. அந்தத் துண்டை ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் பைக்கை நிறுத்திவிட்டுப் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

மச்சான் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "என்ன செய்யுதீரு? ஆடு நனையும் வே!"

"நனையட்டும்."

"பிளக்ஸ வச்சது நான். அத எங்கன வேணும்னாலும் கட்டுவேன்."

"உம்ம மூஞ்சிய வெட்டி எடுத்தீருல்லா, அதக் கட்டும்."

அவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். ஆடுகள் கத்தின. இரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கிறது. பார்க்க நன்றாக இருந்திருக்காது. தெருவில் ஆள் சேர்ந்தது. என் மனைவி ஓடிவந்தாள். பின்னால் மகள் வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் தெருவில் இறங்கினாள்.

பிளக்ஸைப் பார்த்தாள். கழுத்தைச் சாய்த்துத் தன் முகத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரித்தாள்.

"விடுங்கப்பா. குட்டிக இருக்கு, காத்து ஆகாது."

"உன் மூஞ்சிட்டி இது."

"தெரியுது."

என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். மச்சான் கையிலிருந்ததையும் வாங்கினாள். "மாமா, இப்பிடிக் கெட்டுனா மேக்காத்துல கிழிஞ்சுரும். நடுவுலயும் ஒரு கெட்டு போடணும்," என்று சொல்லி, கம்போடு சேர்த்து இழுத்து அவளே கட்டினாள். பிளக்ஸ் உள்பக்கம் உப்பி நின்றது. ஆடுகள் அதன் ஓரமாக ஒடுங்கின. மச்சான் உள்ளே போய்விட்டார். போகும்போது இருமினார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தாள். சைக்கிளை எடுத்துப் பூட்டினாள். முன் சக்கரத்தை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"பேட்டை வரைக்கும் போயிட்டு வாரேன். வாரீங்களாப்பா?"

அன்றைக்கு நான் பட்டறைக்குப் போகவில்லை. என் பழைய சைக்கிள் கொல்லையில் கிடந்தது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன். பேட்டையிலிருந்து திரும்பும்போது வெட்டவெளி வந்ததும் காற்று நெஞ்சில் அடித்தது. எனக்கு இப்போது மூச்சு பற்றவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள், எனக்கு முன்னால் வந்தாள். கை காட்டினாள், ஒட்டி வா என்று.

ஒட்டிப் போனேன். அவள் முதுகுக்குப் பின்னால் காற்று இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையின் அந்தத் துண்டில் நான் பின்னால் போனது அன்றைக்குத்தான். இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது. இந்தச் சுகத்தில் வந்தவனா சிரித்தான்?

ஆடி முடிவதற்குள் அவள் முகாமுக்குப் போய்விட்டாள். போகும்போது மாமா வீட்டிலும் சொல்லிக்கொண்டுதான் போனாள். அவர் திருநீறு பூசி அனுப்பினாராம். அது அவள் குணம்.

கொடை நன்றாக நடந்தது என்றார்கள். பொன்னாடை டவுன் கடைக்காரருக்குப் போட்டார்கள். நான் போகவில்லை.

பிளக்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவள் போட்ட கட்டு அவிழவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். மச்சான் வாசலில் நின்றால், "மாப்ள, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போரும்," என்பார். நான் வண்டியை நிறுத்துவதில்லை. அந்த வீட்டில் இன்றுவரை தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.